முதுமொழியும் ஏதுவும்

சிறு வாக்கியங்கள் சிந்தையைத் தூண்டும் என்பது இக்காலத்தார் பலரும் ஒருமுகமாகக் கூறுவதொன்று. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் நாடோறும் ஒரு பொன்மொழி எழுதப்படுகின்றது. நாட்காட்டித் தாளின் அடியில் ஒன்று; பேருந்தினுள் ஒரு குறள்; பொழுது விடியுமுன் கைப்பேசியில் வந்து நிற்பன பல. இவையனைத்தும் படிப்பாரைத் தம்முள் நோக்கச் செய்யும், ஆராயச் செய்யும் என்னும் நம்பிக்கையின்மேல் நடைபெறுகின்றன. அந்நம்பிக்கை எத்துணை உண்மையுடையது என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். சித்தாந்த சாத்திரங்களுட் பல சுருங்கிய யாப்பில் அமைந்தன ஆகலானும், அவற்றை ஓதுவிக்கும் வகுப்புக்கள் இஞ்ஞான்று பல ஊர்களிலும் நிகழ்தலானும், அவற்றுட் சில சூத்திரங்களையும் குறட்பாக்களையும் நெட்டுருப் பண்ணுவித்தலோடு அமைந்துவிடுதலானும், இது சைவ நன்மக்கள் கருதிப் பார்க்கற்பாலதாம்.

எமது துணிபை முதற்கண் கூறிவிடுகின்றாம். ஒரு வாக்கியம் குறுகியது என்பதனால் மட்டும் சிந்தனை எழுவதில்லை. அது தன் ஏதுவோடு கூடி நிற்கவேண்டும். அல்லது ஏதுவை ஒளித்து வைத்துப் படிப்பவனைத் தேடச் செய்யவேண்டும். இவ்விரண்டும் இல்வழி, குறுமொழி ஓர் ஏவலாய் நிற்கும். அதுவும் இல்லையேற் சுவரில் தொங்கும் அணியாய் நிற்கும்.

இஃது யாம் புதிதாக வகுத்துக்கொண்ட கொள்கை அன்று. ஆசிரியர் தொல்காப்பியனார் செய்யுளியலிற் பிசியையும் முதுமொழியையும் அடுத்தடுத்து வைத்து இலக்கணம் கூறினார். முதுமொழிக்கு நுண்மையும் சுருக்கமும் விளக்கமும் எளிமையும் வேண்டும் என்றார். அவ்வளவில் நில்லாது, குறித்ததொரு பொருளை முடித்தற்பொருட்டு ஏதுவைக் கருதி வருவது அது என்றும் வரையறுத்தார். இவ்விறுதி வரையறையை நம்மவர் பெரும்பாலும் மறந்துவிட்டனர். ஒருவன் பிறனுடைய கடனுக்குப் பிணை நிற்கப் புகுங்கால், ஆழம் தெரியாமற் காலை விடாதே என்று மூத்தோர் ஒருவர் கூறுவாராயின், அவன் உள்ளம் உடனே தொழிற்படுகின்றது. ஈண்டு ஆறு யாது, ஆழம் எத்துணை, முன் இறங்கினார் கரையேறினரா என்று தன் செய்தியோடு அதனைப் பொருத்திப் பார்க்கின்றான். அச்சொற்களே நாட்காட்டித் தாளில் அச்சாகிக் கிடப்பின், முடிக்கவேண்டிய பொருளும் இல்லை, முடிப்பானும் இல்லை. தாளைக் கிழித்து எறிந்துவிட்டு எழுகின்றோம். பிசியை இதனருகே வைத்தமையும் நோக்கத்தக்கது. பிசி விடையை மறைத்து வைக்கின்றது. முதுமொழி ஏதுவைச் சுட்டுகின்றது. இரண்டும் கேட்போனிடத்து ஒரு வேலையை ஒப்படைப்பன.

இதனால் ஏவல் வாக்கியங்களை யாம் இழித்துரைப்பதாக எவரும் கொள்ளற்க. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் இளஞ்சிறார்க்கு ஆயின. நாவிற்கும் நினைவிற்கும் அவை உணவு. வினா எழும் பருவம் பின்னரே வருவது. முதுமொழிக்காஞ்சி பத்துப் பத்தாக நூறு வாக்கியங்கள் உடையது. அதன் முதற்பத்து ஒன்றினும் ஒன்று சிறந்தது என நிறுத்துக் காட்டுகின்றது. அவ்வாறு நிறுத்துக் காட்டும் வாக்கியம் ஏவலினும் ஒருபடி மேலானதே. கல்வியினும் ஒழுக்கம் பெரிது எனக் கேட்டவன், எந்தத் துலாக்கோலால் நிறுத்தீர் என்று வினவ இடமுண்டு. ஆயினும் அந்நூல் அக்கோலை நம் கையிற் கொடுப்பதில்லை. நூற்றையும் ஒருங்கே ஓதினோர்க்கு நூறு தலையசைப்பே எஞ்சும் என்பது எம் கருத்து.

சித்தாந்த நூல்களின் போக்கு வேறு. எமது சேத்தியாத்தோப்பைச் சூழ்ந்த நாடு அந்நூல்கள் தோன்றிய நாடு என்பது அன்பர் அறிந்ததே. எம்மூர் அணைக்கட்டில் தேங்கிப் பாயும் வெள்ளாற்றின் கரையிலேயே, மேற்கே, மெய்கண்டார் அவதரித்த திருப்பெண்ணாகடம் உள்ளது. வடக்கே கெடிலக்கரையில் உண்மைவிளக்கம் அருளிய மனவாசகங்கடந்தாரது திருவதிகை. கிழக்கே தில்லையின் புறத்தே உமாபதிசிவனார் வாழ்ந்த கொற்றவன்குடி. பேருந்தேறி ஒருநாளிற் கண்டு மீளத்தக்க இச்சிறு வட்டத்துள், கி. பி. பதின்மூன்றாம் பதினான்காம் நூற்றாண்டுகளில், சுருங்கச் சொல்லி நெடிது ஆராயச் செய்யும் ஒரு கலை வளர்ந்தது.

சிவஞானபோதம் 12 சூத்திரங்கள் உடையது. அவற்றின் அடிகள் 40. இத்துணைச் சிறிய நூல் தமிழிற் பிறிதொன்று இவ்வளவு பேருரைகட்கு இடமாயிற்று என்று கூறுதல் அரிது. ஆயின் மெய்கண்டார் சூத்திரத்தைச் செய்து வைத்து, படிப்பவன் பாடு என விட்டுவிடவில்லை. ஒவ்வொரு சூத்திரத்தையும் கூறுகூறாகப் பிரித்தார். ஒவ்வொரு கூற்றிற்கும் மேற்கோள் இன்னது, ஏது இன்னது, எடுத்துக்காட்டு இன்னது என அமைத்தார். எடுத்துக்காட்டாய் வந்த வெண்பாக்கள் மட்டும் 81. அஃதாவது, நாற்பதடிப் பொருளை ஒருவன் ஏற்கவேண்டுமாயின் அவன் எத்தனை படி ஏறவேண்டும் என்பதை ஆசிரியர் தாமே அளந்து காட்டிவிட்டார். இதனை வெறுஞ் சூத்திரமாக ஓதி முடிப்பார் படிகளை விடுத்து மாடத்தின் படத்தைக் கண்டவரே ஆவர்.

மூன்றாஞ் சூத்திரத்தை எடுத்துக்கொள்வாம். உடம்பின் வேறாய் உயிர் ஒன்று உண்டு என்பது ஆண்டு நிறுவப்படுவது. அதற்கு ஏழு ஏதுக்களை அச்சூத்திரம் அடுக்குகின்றது. அவற்றுள் முதலாவது வியக்கத்தக்கது. உடம்பையும் பொறிகளையும் பிறவற்றையும் தனித்தனி ஆராய்ந்து, இது உயிரன்று, இதுவும் உயிரன்று, ஆதலின் உயிர் என ஒன்று இல்லை என்று கூறுவானை நோக்கி, அவ்வாறு ‘இல்லை’ என்று அறிந்து கூறும் அறிவு யாது? அதுவே யாம் கூறும் உயிர் என்பது அதன் கருத்து. மறுப்பவனது மறுப்பே சான்றாய் நிற்கின்றது. நூலை மூடி வைத்துவிட்டு ஒருவன் தன்னிடத்தே சோதித்துப் பார்க்கத்தக்க ஏது இஃது. 1637இல் வெளிவந்த தம் நூலில் தேக்கார்த்து என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர், ஐயுறும் எண்ணத்தையே தம் இருப்பிற்குச் சான்றாகக் கொண்டமையை ஆங்கிலம் கற்றோர் ஈண்டு ஒப்பிட்டுக் காட்டுவர். ஒப்புமை ஒருபுடையதே. அவர்க்கு அவ்வொன்று போதியதாயிற்று. மெய்கண்டார் மேலும் ஆறு வேண்டினார்.

ஏன் வேண்டினார் என்பது இரண்டாம் ஏதுவைக் கண்டாற் புலப்படும். ‘எனது உடல்’ என்று உலகத்தார் வழங்குகின்றனர். ஆதலின் உடலின் வேறாய் அதனை உடையான் ஒருவன் உண்டு என்பது அது. இன்று மேடைகளில் இவ்வொன்றையே தனித்தெடுத்து முழங்குகின்றனர். ‘என் கை என்கிறீர், என் கால் என்கிறீர், அந்த என் என்பவர் யார்?’ என்று வினவி, அவையோர் மகிழ்ந்து கைதட்ட, அமர்ந்துவிடுகின்றனர். கூரிய மாணாக்கன் ஒருவன் எழுந்து, ‘எனது உயிர் என்றும் கூறுகின்றோமே, ஆயின் உயிரின் வேறாய் நான் ஒருவன் உளனோ?’ என்று கடாவுவானாயின் அவர் யாது செய்வர்? இலக்கணம் கற்றோர்க்கு இதன் முடிச்சு எங்குள்ளது என்பது தெரியும். ஆறாம் வேற்றுமைப் பொருள் பிறிதின்கிழமை எனவும் தற்கிழமை எனவும் இருவகைப்படும். சாத்தனது வீடு என்றவழி வீடு வேறு, சாத்தன் வேறு. இராகுவினது தலை என்றவழித் தலையின் வேறாய் இராகு இல்லை; வேற்றுமை சொல்லளவில் நிற்பது. எனது உயிர் என்பது இராகுவினது தலை போல்வது என்று விடை கூறலாம். நன்று, எனது உடல் என்பதும் அத்தகையதே என்று உடலே உயிர் என்பான் கூறின்? வழக்கு ஒன்றையே பற்றி நின்று அவனை மறுத்தல் இயலாது. வழக்கு எழுப்புவது ஓர் ஐயம். அதனைத் தீர்ப்பன பிற ஏதுக்கள். ஒவ்வொரு பொறியும் தன் தன் புலனை மட்டும் அறிய, ஐந்தனையும் ஒருங்கு அறிவது ஒன்று உண்டு. பொறிகள் ஒடுங்கிய கனவிலும் அறிவது ஒன்று உண்டு. ஆழ்ந்த உறக்கத்தில் உடம்பு கிடப்பினும், மூச்சு இயங்கினும், உண்டலும் தொழில் புரிதலும் இல்லை. இவை சேர்ந்த பின்னரே ‘எனது உடல்’ என்பது பிறிதின்கிழமை என்று துணியப்படும். உணர்த்த உணர்வது உயிர் என்னும் ஏது வந்து, அவ்வுயிரே இறைவன் என மயங்குவானையும் தடுத்துவிடும். ஏழனுள் ஒன்றைப் பறித்தெடுத்துப் பொன்மொழி ஆக்கினார் அதற்கு அரணாய் நின்ற ஆறனையும் இடித்தவராவர்.

இன்னும் ஒன்று. மெய்கண்டார் தம் அவையடக்கத்திலே, தம்மை உணர்ந்து தம்மையுடைய முதல்வனையும் உணர்வோர் எம்மை இகழார் என்றும், தம்மையே உணராதவர் தம்முள் ஒருவரோடொருவர் மாறுபடுவராதலின் அவர் கூறும் புறமொழியைக் கேளேம் என்றும் பொருள்படக் கூறினார். நூலை மதிப்பிடுவானுக்குத் தன்னை மதிப்பிடுதலை முதற்றகுதியாக வைத்த அவையடக்கம் இஃதொன்றே யாம் கண்டது.

மேனாட்டார் ஒருவர் கூற்று எம் கொள்கைக்கு மாறாய் நிற்பதுபோலத் தோன்றும். அதனையும் கொண்டு ஆராய்தல் முறை. பிரான்சிஸ் பேக்கன் என்பார் 1605இல் வெளியிட்ட கல்வி முன்னேற்றம் பற்றிய நூலில், அறிவைக் குறுவாக்கியங்களாற் கூறுதலையும் முறைப்பட விரித்துக் கூறுதலையும் ஒப்புநோக்கினார். விரித்துக் கூறிய நூல் முழுமையின் தோற்றத்தைத் தந்து, இனி ஆராய்வதற்கு ஒன்றுமில்லை என்னும் அமைதியை உண்டாக்கும். குறுவாக்கியமோ குறைவுடையதாய்த் தோன்றி, மேலும் ஆராய்க எனப் பிறரை அழைக்கும் என்பது அவர் கருத்து. 1620இல் தாம் செய்த பெருநூலை அவ்வாறே குறுவாக்கியங்களாக அமைத்தார். ஆயின், ஏதுவும் எடுத்துக்காட்டும் உடன்வைத்த மெய்கண்டார் படிப்பவனது ஆராய்ச்சியை அடைத்துவிட்டாரோ எனின், அன்று. அவர் வைத்த ஏது ஒவ்வொன்றும் தடையை வரவேற்பது என மேலே கண்டோம். எனினும், பேக்கன் கூறிய வண்ணம் குறைவுடையதாய் நின்று அழைக்கும் வாக்கியமும் நம்மிடத்து உண்டு. அதனைக் காணவேண்டுமாயின் உமாபதிசிவனாரிடம் செல்லவேண்டும்.

உமாபதிசிவனார் சங்கற்பநிராகரணப் பாயிரத்திற் குறித்த சகம் 1235 என்பது கி. பி. 1313 ஆதலின் அவர் காலம் ஐயமின்றித் தெரிகின்றது. தில்லைவாழந்தணர் குலத்தவராகிய அவர், பூசை முடித்துப் பகற்பொழுதில் தீவட்டி முதலிய விருதுகளோடு பல்லக்கிற் செல்ல, தெருவோரத்திலிருந்த மறைஞானசம்பந்தர், பட்டுப்போன கட்டையின்மேற் பகற்குருடு ஒன்று போகின்றது என்று கூறினார் என்பது மரபுவழிச் செய்தி. பல்லக்கு பட்ட மரம். பகலில் தீவட்டி வேண்டுவான் பகற்குருடன். ஏவல் ஒன்றும் இல்லை. இறங்கு என்றாரில்லை, செருக்கை விடு என்றாரில்லை. கண்டது கண்டபடி கூறினார். அதன் ஏது முழுதும் கேட்டவன் தோள்மேலும் தலைமேலும் இருந்தது. கேட்டவர் இறங்கி அவர்பின் நடந்தார். குறுமொழி ஒன்று உள்நோக்கைத் தந்த செய்தி நம் மரபில் இதனினும் தெளிவாக வேறில்லை. இம்மொழி பயன்பட்டமைக்குக் காரணம் அது அவ்விடத்து, அவ்வேளையில், அவ்வொருவரை நோக்கிக் கூறப்பட்டமையே. இதனைத் தாளில் எழுதி ஆயிரவர்க்கு அனுப்பினால் ஆயிரவரும் பிறனொருவன் பல்லக்கை நினைப்பர்.

அவர் இயற்றிய திருவருட்பயன் அதிகாரத்திற்குப் பத்தாகப் பத்து அதிகாரங்களில் நூறு குறள்வெண்பா உடையது. திருக்குறளில் இல்லாத வீட்டுப்பாலை நிரப்ப எழுந்தது இந்நூல் என்று புகழ்வோர் உளர். புகழ் நன்றே, ஆயினும் அது நூலின் தனித்தன்மையை மறைத்துவிடுகின்றது. இரண்டு நூலும் அகரத்தை உவமையாக்கித் தொடங்குகின்றன. திருவள்ளுவர் கொண்ட பொதுத்தன்மை முதன்மை. எழுத்துக்கு முன் அகரம், உலகுக்கு முன் இறைவன். உமாபதிசிவனார் கொண்டது நிறைவு. மெய்யெழுத்துக்கள் அகரத்தோடு கூடி இயங்குமாறு போல, இறைவன் எவ்விடத்தும் அறிவாய் நிறைந்து நிற்றல். உவமை ஒன்றாயினும் அதன்கண் நோக்க வேண்டிய இடம் வேறு. முன்னதைப் படித்த பழக்கத்தாற் பின்னதையும் முதன்மைப் பொருளே என்று கூறிச் செல்லும் உரைகள் சில யாம் கண்டதுண்டு.

திருவருட்பயனின் வலிமை, உவமையைத் தந்துவிட்டு அது எங்குப் பொருந்தாது என்பதைப் படிப்பவன் கண்டுபிடிக்க விடுதலில் உள்ளது. உயிரவைநிலையில் ஒரு குறள் வினாவாகவே அமைந்தது. இருளிடத்து இருளாகியும் ஒளியிடத்து ஒளியாகியும் நிற்கும் பொருள்கள் இவ்வுலகில் இல்லையோ என்பது அதன் பொருள். எப்பொருள்கள் என்று கூறவில்லை. கண், பளிங்கு, வான் முதலியவற்றை உரைகாண்போர் எடுத்துக் காட்டுவர். ஆதீனத்துப் பாடசாலையில் எமக்கு ஓதுவித்த ஆசிரியர், உரையைத் திறக்க விடாது, நாளை விடியலில் மூன்று பொருள் கொண்டுவா என்று அனுப்பிவிடுவார். கொண்டு சென்ற ஒவ்வொன்றையும் உடைப்பார். பளிங்கு சார்ந்ததன் வண்ணம் ஆகின்றது, ஆயின் ஆவதை அது அறியுமோ? வானம் இருண்டும் வெளுத்தும் தோன்றுகின்றது, ஆயின் இருளால் அதற்கு ஒரு துன்பம் உண்டோ? கண் இருளிற் காணாது ஒளியிற் காண்கின்றது, ஆயினும் காண்பது கண்ணோ, கண்ணின்வழி நிற்கும் உயிரோ? மூன்றும் குறைபட்ட இடத்தில், சார்ந்ததன் வண்ணமாதலோடு அறிவதும் துன்புறுவதும் உடையதாகிய உயிரின் இலக்கணம் தானே வெளிப்படும். அக்குறள் பொருள்களைப் பெயர்கூறிக் காட்டியிருப்பின் இது நிகழாது. வினாக்குறியின் முன் நிற்கும் அவ்வெற்றிடமே அதன் கருவி.

அதே அதிகாரத்தில், மிக்க ஒளியும் இருளேயாகும் கோட்டான் கண் உவமையாக வருகின்றது. தில்லைத் தெருவிற் கேட்ட பகற்குருடு என்னும் சொல் இதன்கண் முளைத்தது என்பது எமது கருத்து. தம்மை நோக்கி எறியப்பட்ட சொல்லை எல்லா உயிர்க்கும் பொதுவாக்கி, அதனுள் தம்மையும் வைத்து வழங்கினார் எனின் பொருந்தும்.

இருண்மலநிலையில் உள்ள குறளொன்று இன்னும் நுண்ணியது. உலகத்து இருள் பிறபொருளைக் காட்டாது, ஆயினும் தன்னைக் காட்டும். ஆணவ இருளோ பிறிதையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்பது அதன் கருத்து. இருட்டாயிருக்கின்றது என்று கூறுவானுக்கு இருள் தெரிகின்றது; ஆதலின் விளக்குத் தேடுகின்றான். எனக்குச் செருக்கு இல்லை என்று கூறுவான் எதனைத் தேடுவான்? இக்குறளைப் படித்து, ஆம் உண்மை என்று பிறரை நினைந்து தலையசைப்பவனிடத்திலேயே அதன் பொருள் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. ஆணவத்தின் உருவம் யாது என்று வினவிய அருணந்தியாரை மெய்கண்டார் வாய்பேசாது நோக்கினார் என்னும் மரபுச் செய்தியும் இதனோடு வைத்து எண்ணற்பாலது. பிரெஞ்சு நாட்டு இலா ரோசுபுக்கோ என்னும் பிரபு 1665இல் வெளியிட்ட குறுமொழி நூலின் தொடக்கத்தே, தற்காதலைப் பற்றி நீண்டதொரு வாக்கியம் வைத்துப் பின்னர்ப் பதிப்பில் அதனை நீக்கிவிட்டார். பிறவற்றையெல்லாம் காணும் கண் தன்னைக் காணாதவாறு போலத் தற்காதலும் தன்னைத் தான் காணாது என்னும் கருத்து அதன்கண் உண்டு. அரசவை மாந்தரைப் பார்த்துப் பார்த்து அவர் கண்டது இவ்வளவில் நம் குறளோடு ஒத்துச் செல்கின்றது. காணாமையை நீக்குவது யாது என்னும் ஆராய்ச்சி அவரிடத்து இல்லை. உமாபதிசிவனார்க்கு அடுத்த அதிகாரமே அதுதான்.

ஈண்டு ஒரு தடை. எம்மூர்க்கு வடக்கே நெய்வேலியிற் கரிய நிலக்கரியை அகழ்ந்து எரித்து மின்னொளி உண்டாக்குகின்றனர். இருளினின்று ஒளி பிறத்தலை நாடோறும் காண்கின்றோமாதலின் இருளும் ஒளியும் பகை என்பது எவ்வாறு பொருந்தும் என்று இப்பக்கத்து இளைஞர் வினவுவது இயல்பு. நல்ல வினாவே. கருமை ஒரு நிறம். ஒளியிருந்தாலன்றிக் கரியின் கருமை தெரியாது. இருள் ஒளியின்முன் நில்லாதது. உவமைக்குக் கொண்டது இருளே, கருமை அன்று. இத்தடையை எழுப்பியவன், மனப்பாடம் செய்து பரிசில் பெற்றவனினும் அக்குறளுக்கு அணுக்கன்.

அருளுருநிலையில் வரும் ‘பார்வை’ என்னுஞ் சொல் விரைந்து படிப்பாரை வழுக்கி விழச் செய்வது. மானைப் பிடிக்க வேட்டுவர் பழக்கி நிறுத்தும் மானுக்குப் பார்வை என்று பெயர். மக்களைப் பிடித்து ஆட்கொள்ளுதற்கு இறைவன் மக்கள் வடிவையே போர்வையாகக் கொண்டு ஆசிரியனாய் வருவதை உலகம் அறியாது என்பது அக்குறளின் கருத்து. பார்வை என்றவுடன் கண்ணோக்கு என்று கொண்டு அருட்பார்வை என விளக்கம் எழுதிப் பகிர்வார்க்கு மானும் இல்லை, வேட்டுவனும் இல்லை. பிடிபட்டது யார் என்னும் வினாவும் இல்லையாகிவிடுகின்றது.

இன்புறுநிலையில் இலக்கணமே உவமையாயிற்று. தாள் என்பதும் தலை என்பதும் புணர்ந்து தாடலை என நிற்குமாறு போல இறைவனும் உயிரும் வீட்டின்கண் கூடுவர் என்பது. ளகரம் கெட்டது, தகரம் டகரமாயிற்று; செவிக்கு ஒரு சொல். ஆயினும் பொருளில் தாளும் உண்டு, தலையும் உண்டு; தாள் தலையாயிற்றில்லை. பாலும் நீரும் கலந்தன என்னும் உவமையைவிட இது செறிவுடையது. கலந்த பாலிற் பாலையும் நீரையும் நா பிரித்து அறியாது. தாடலை என்பதைப் புணர்ச்சி அறிந்தவன் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இரண்டாக உணர்கின்றான். அத்துவிதம் என்னும் சொல்லுக்கு ஒன்று எனவும் இரண்டு எனவும் கூறி மலைவார்க்கு, ஒருவன் தன் செவியிலும் உள்ளத்திலும் ஒருங்கே நிகழ்த்திப் பார்க்கத்தக்க சோதனையைப் புணரியலினின்று எடுத்துக் கொடுத்தார். தமிழ் இலக்கணத்தைப் பள்ளிகளிற் குறுக்கிக்கொண்டே வருவார் இத்தகைய வாயில்கள் எத்தனை அடைபடுகின்றன என்று எண்ணுவதில்லை.

குறை கூறாது விடுதல் திறனாய்வு ஆகாது. ஒன்பதாம் அதிகாரமாகிய அஞ்செழுத்தருள்நிலை சிந்தனையைத் தூண்டும் திறத்தாற் பிறவற்றோடு ஒவ்வாது. திருவைந்தெழுத்தை ஓதும் முறையும் எழுத்துக்கள் நிற்கும் நிலையும் ஆசிரியன்வாய்க் கேட்டு அறியற்பாலன. அவ்வதிகாரக் குறட்பாக்கள் முன்னரே கேட்டார்க்கு நினைவுக்குறிப்பாய் நிற்கும். கேளாதார்க்கு அடைத்த கதவே. ஏதுவும் இல்லை, தேடிக் காணத்தக்க வெற்றிடமும் இல்லை. அது சாதனத்திற்கு உரியது என்று கொண்டு அமைதலே தக்கது. பொதுமக்கட்கு நாடோறும் ஒரு குறள் என அச்சிட்டு வழங்குவார் இதனையும் முதலதிகாரத்தையும் ஒரு தட்டில் வைத்தல் முறையன்று.

பதிப்புக்களைப் பற்றியும் ஒரு சொல். இக்காலத்துப் பதிப்புக்கள் பலவற்றில் குறளின் கீழேயே தெளிவுரை ஒட்டிக்கொண்டு நிற்கின்றது. கண் இரண்டடியைத் தாண்டி உரைக்குத் தாவிவிடுகின்றது. பொருள்கள் இல்லையோ என்று ஆசிரியர் வினவி வாய் மூடுமுன், உண்டு, கண்ணும் பளிங்கும் என்று உரை கூவிவிடுகின்றது. மாணாக்கர்க்கெனப் பதிப்பிப்பார் மூலத்தை முன்னும் உரையைப் பின்னுமாக வைத்து அச்சிடுவராயின் தாளும் மிகாது, கேடும் இல்லை. வகுப்பு நடத்துவோரும், தேர்வில் இக்குறளைப் பிழையின்றி எழுதுக என்பதனோடு, இதன் உவமை பொருந்தாத இடம் ஒன்று காட்டுக என்றும் வினவுவாராக.

உமாபதிசிவனார் தம் ஆசிரியரை நோக்கிப் பாடிய வினாவெண்பா 13 பாட்டுக்களே உடையது. வினாக்கள் உண்டு, விடைகளை அவர் வெளிப்பட வைக்கவில்லை. இறுதிப் பாட்டில், இவற்றின் உண்மையை வினவி அறியாதவர்க்கு நூல்களால் வரும் பயன் ஊமன் கண்ட கனவு போல்வது என்னும் கருத்தை வைத்து முடித்தார். முதற்பாட்டின் வினா, மேலே கூறிய இருண்மலநிலைக் குறளோடு வைத்து எண்ணத்தக்கது. ஒளியும் இருளும் ஓரிடத்துக் கூடி நில்லா. ஆயின் ஒளியாகிய நீ இருளுடைய என்னிடத்தே நின்றது எவ்வாறு என்பது அது. நின்றான் எனின் இருள் அன்றே நீங்கியிருத்தல் வேண்டும். நின்றிலன் எனின் எங்கும் நிறைந்தவன் என்றது பழுதாம். இதற்கு விடை கூறப் புகுவார், ஞாயிற்றின் வெயில் எங்கும் விரிந்து கிடந்தும் பஞ்சைச் சுடாமையையும், சூரியகாந்தக் கல்லின்வழி வந்தபொழுது அவ்வெயிலே சுடுதலையும் உடன்வைத்து, கல் யாது, பஞ்சு யாது, இடையில் மாறியது யாது என்று ஒவ்வொன்றாக ஆராய்வாராக. எஞ்சியதை ஈண்டு எழுதாது விடுகின்றாம்.